அமலேக்கின் குழந்தையும் மறக்கருணையும்

எபிரெய மறையில் விளங்கும் கடவுளின் ஒழுக்கப் பண்பு பற்றிய வினா மேனாட்டுத் திறனாய்வு நூல்களின் வழியாகவே நம்மிடம் வந்தது என்று இறையியல் மாணவர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முற்றும் சரியன்று. 1854ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், பழைய ஏற்பாட்டைக் கையில் ஏந்திக்கொண்டே நம்மை எதிர்த்த நூலாகும். பேர்சிவல் ஐயருடன் இருந்து, 1850இல் வெளியான தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவர் நாவலர். ஆகவே அவர் அந்நூலைச் செவிவழியாக அறிந்தவரல்லர்; சொல் சொல்லாக எடைபோட்டு அறிந்தவர்.

சைவ வழிபாட்டை மிஷனெரிமார் இகழ்ந்தபோது, ஆலயமும் காணிக்கையும் தூபமும் விளக்கும் தீட்டுக் கழித்தலும் மோசேயின் நியாயப்பிரமாணத்திலும் கட்டளையிடப்பட்டுள்ளனவே என்று நாவலர் சுட்டிக் காட்டினார். நம் பிரசங்க பீடங்களில் அரிதாகவே திறக்கப்படும் லேவியராகமத்தை அக்காலத்தில் ஊன்றிப் படித்த தமிழர் அவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அவருடைய வாதம் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. உம் நூலிலும் இது உண்டு என்று காட்டுவது எதிரியின் வாயை அடைக்கும். கடவுள் நல்லவரா என்னும் வினாவுக்கு அது விடையாகாது. சடங்கில் ஒப்புமை காட்டிய நாவலரின் வாதம், வெறும் சடங்கைக் கண்டித்த தீர்க்கதரிசிகளை நம்மிடமே விட்டுவிட்டது. நாமோ அவர்களையும் சரியாகப் பயன்படுத்தவில்லை.

வினாவின் முள் எங்கே இருக்கிறது? முதலாம் சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அமலேக்கியரை ஆண், பெண், குழந்தை, பால்குடி மறவாமல் சங்கரிக்கும்படி சவுலுக்குக் கட்டளை பிறக்கிறது. சவுல் தள்ளப்படுவது இரக்கமின்மையால் அன்று. அரசனையும் நல்ல ஆடுமாடுகளையும் தப்பவிட்டதால். இவ்வதிகாரத்தைக் கீழ்ப்படிதலுக்கு எடுத்துக்காட்டாக மட்டும் பிரசங்கித்துவிட்டு, அந்தப் பால்குடியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. சபையார் கேட்பதில்லை, அயலார் கேட்பர்.

அயலார் என்று பொதுவாகச் சொல்லாமல் ஓர் ஊரை எண்ணிப் பார்ப்போம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் செய்யாற்றங்கரையில் உள்ளது மாகறல். சம்பந்தரின் மூன்றாம் திருமுறைப் பதிகம் ஒன்று இவ்வூருக்கு உரியது. இறைவனடி சேர்வாரின் தீவினை உடனே தீரும் என்பதே அதன் பல்லவிபோல் ஒலிக்கும் கருத்து. தலபுராணமோ வேறொரு கதை சொல்லும். பொன்னிற உடும்பு ஒன்றை இராசேந்திர சோழன் துரத்த, அது புற்றில் ஒளிந்தது. புற்றைத் தோண்டினர்; இரத்தம் பீறிட்டது; காயம் பட்டவர் இறைவனே என்று மன்னன் அறிந்து கோயில் எழுப்பினான். (சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டினர், இராசேந்திரன் 11ஆம் நூற்றாண்டினன் என்று கணக்குக் கேட்பவர், யோசுவாவின் எரிகோவுக்கும் அதே கணக்கைக் கேட்கக் கடமைப்பட்டவர்.) வேட்டையாடிய மன்னனைத் தண்டியாமல் காயத்தைத் தாமே தாங்கிய கடவுளைக் கும்பிடும் ஊரில், அமலேக்கின் கதையை நாம் எந்த முகத்தோடு வாசிப்பது?

இங்கே சிலர் சைவ சித்தாந்தத்திடமே ஒரு சொல்லைக் கடன் வாங்குவர். அருள் இருவகை: அறக்கருணை, மறக்கருணை. தாய் கசப்பு மருந்து புகட்டுவதுபோல் இறைவன் ஒறுப்பதும் அருளே என்பது இக்கொள்கை. யெகோவாவின் கோபமும் மறக்கருணையே என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்பது அவர்கள் துணிபு. சொல் அழகியது, எபிரேயரின் சிறையிருப்பை விளக்க அது பெரிதும் உதவும். ஆயின் மறக்கருணைக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒறுக்கப்பட்டவன் நலம்பெற வேண்டும். சம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாட்டில் வழக்கமாகக் கூறும் இராவணன் கயிலை மலையின்கீழ் நெரிந்தான். பின்னர்ப் பாடினான், வாள் பெற்றான். அமலேக்கின் பால்குடி எதைப் பெற்றது? அதற்குத் திருந்துவதற்கான குற்றமும் இல்லை, திருந்துவதற்கான நாளும் இல்லை. ஆகவே இக்கடன் இங்கே செல்லாது. சித்தாந்தியே அதை ஏற்கமாட்டான்.

சிறுத்தொண்டர் வரலாற்றைக் கொடுமை என்று இகழ்ந்து, மோரியா மலையில் கத்தி ஓங்கிய ஆபிரகாமை விசுவாசத்தின் சிகரம் என்று புகழும் பேச்சும் நேர்மையுடையதன்று. இரு கதைகளிலும் முடிவில் பிள்ளை உயிரோடு தந்தையிடம் வருகிறான். அமலேக்கின் கதையில்தான் வானத்திலிருந்து தடுக்கும் குரல் வரவில்லை.

பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் சொன்னது இச்சுமையை இறக்கிவைக்கும் எளிய வழி. திருச்சபை அதைத் தள்ளியது நன்றே. தள்ளியிராவிட்டால் ஆமோசையும் இழந்திருப்போம். எரிகோவின் அகழாய்வைக் காட்டி, அப்போர்கள் நூலில் உள்ளபடி நடக்கவே இல்லை என்று ஆறுதல் கொள்வதும் போதாது. நடவாத கொலையைக் கடவுள் கட்டளையாக எழுதிப் போற்றினால் ஒழுக்க வினா அப்படியே நிற்கும்.

நாம் காணும் வழி மறைக்கு உள்ளேயே இருக்கிறது. தாவீது ஜனத்தைத் தொகையிட்டபோது அவனை ஏவியது கர்த்தரின் கோபம் என்று இரண்டாம் சாமுவேல் 24 கூறுகிறது. அதே நிகழ்ச்சியில் ஏவியவன் சாத்தான் என்று முதலாம் நாளாகமம் 21 கூறுகிறது. பின்வந்தவருக்கு முன்னவர் எழுதியது பொறுக்கவில்லை. இதனினும் வலியது யெகூவின் செய்தி. ஆகாபின் வீட்டாரைக் கொன்று குவித்தமைக்காக யெகூவை இரண்டாம் இராஜாக்கள் 10ஆம் அதிகாரம் மெச்சி, அவன் வம்சத்துக்கு நான்கு தலைமுறை அரியணையை வாக்களிக்கிறது. ஓசியாவின் முதல் அதிகாரமோ, யெஸ்ரயேலில் சிந்திய அதே இரத்தத்துக்காக யெகூவின் வம்சத்தாரை விசாரிப்பதாகக் கடவுளே சொல்வதாகக் கூறுகிறது. கடவுளின் பெயரால் புகழப்பட்ட கொலை, கடவுளின் பெயராலேயே குற்றமாகத் தீர்க்கப்படுகிறது. இந்தத் தீர்ப்பை மறைக்கு வெளியிலிருந்து எவரும் திணிக்கவில்லை. சோதோமுக்காக ஆபிரகாம் சர்வலோக நியாயாதிபதியிடமே நீதி கேட்டு நின்றதும், பிள்ளை தகப்பன் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18இல் வாதாடியதும் இவ்வழியைச் சார்ந்தவையே.

இவ்வழிக்கும் ஓர் இடர் உண்டு. எந்தக் குரலுக்கு மேலிடம் தருவது என்று தீர்மானிப்பவர் யார்? நமக்குப் பிடித்ததைத் தெரிந்துகொண்டு அதற்குத் தீர்க்கதரிசனம் என்று பெயரிடுகிறோம் என்ற குற்றச்சாட்டு எழும். நம் விடை இது: ஓசியா தனக்கு ஏற்றதைத் தெரிந்தெடுக்கவில்லை, தன் நாட்டின் அரச வம்சத்துக்கு, தன் மக்களின் வெற்றிக்கு, எதிராகவே பேசினான். தன் தரப்பாரின் வாளைக் கண்டிக்கும் குரலையே நாம் நம்புகிறோம். அதே ஓசியாவின் 11ஆம் அதிகாரத்தில், எப்பிராயீமைக் கைவிட மனமில்லாமல் உள்ளம் குழம்பும் கடவுளைக் காண்கிறோம். மாகறல் புற்றில் இரத்தம் கண்டவர்களுக்கு இந்த அதிகாரத்தை விளக்குவது கடினமன்று. அமலேக்கை விளக்குவதே கடினம். நம் இறையியற் கல்லூரிகளில் இராஜாக்களின் புத்தகம் ஓராண்டிலும் ஓசியா வேறோராண்டிலுமாகக் கற்பிக்கப்பட்டால், யெகூவின் இரு தீர்ப்புகளையும் மாணவர் ஒருபோதும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கமாட்டார்.