புளியோதரைப் பொட்டலம்

துபாயிலோ டொராண்டோவிலோ வாழ்கிறவர்களுக்குச் சிறுவயது முழுப்பரீட்சை லீவுப் பயணங்களை மீட்டுத் தருவதில் புகைப்பட ஆல்பத்தைவிடப் புளியோதரைக்கே வலு அதிகம் என்பேன். அது பயணத்துக்காகவே அமைந்த பண்டம். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்த உதிரிச் சாதத்தில் பிசைவார்கள். புளிப்பும் உப்பும் எண்ணெயும் சோறு சீக்கிரம் ஊசிப்போகாமல் பார்த்துக்கொள்ளும். வாழை இலையை அனலில் வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. அதன் வாசமும் சோற்றில் ஏறும். மதுரையில் கட்டியதை ராமேஸ்வரம் ரயிலில் பரமக்குடி தாண்டிப் பிரித்தால், அடுப்படியில் தின்றதைவிட ருசி கூடியிருக்கும். ஊற ஊறத்தான் அது தேறும்.

வாங்கித் தின்னக் காசில்லாத காலத்து ஏற்பாடுதானே, இதில் என்ன ரசனை என்று கேட்கலாம். சிக்கனம் உண்மைதான். விடியுமுன் எழுந்து கிளறிய அம்மாக்களுக்கு லீவே இல்லை என்பதும் உண்மை. அதை மறந்த ஏக்கம் அரைகுறையானது. ஆனால் சிக்கனம் மட்டுமே நோக்கமென்றால் வறுத்த வேர்க்கடலை எதற்கு, நமத்துப்போகாமல் தனியாகக் கட்டிய வடகம் எதற்கு, காரம் தாங்காத பிள்ளைக்கென்று ஒரு தயிர்சாதப் பொட்டலம் எதற்கு? ஒவ்வொருவர் நாக்கையும் நினைத்துக் கட்டிய கை அது. வெளியூரில் இருப்பவர்கள் புளிக்காய்ச்சலை மட்டும் ஊரிலிருந்து கொண்டுபோய், சாதத்தை அங்கே வடித்துக்கொள்ளலாம். இலை கிடைத்தால் அவசியம் வாட்டிக் கட்டுங்கள்.