161 வாக்குமூலமும் கேமராவும்

"நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து கூலி வேலை செய்து வருகிறேன்." நம்மூர்க் கேஸ் கட்டுகளில் சாட்சிகள் பலரும் இப்படித்தான் பேசத் தொடங்குகிறார்கள். பூக்காரம்மாவும் கல்லூரி மாணவரும் ஒரே நடையில், ஒரே வரிசையில் சம்பவத்தை விவரிப்பார்கள். உண்மையில் அது ஸ்டேஷன் ரைட்டரின் நடை.

போலீஸ் விசாரணையில் எழுதப்படும் இதை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 161 வாக்குமூலம் என்று கோர்ட் வட்டாரத்தில் சொல்வார்கள். இதில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது. போலீஸ் எழுதியதற்குச் சாட்சி கட்டுப்படக்கூடாது என்பதே காரணம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூண்டேறிய சாட்சி "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பார். விசாரணை அதிகாரி "சொன்னார்" என்பார். யார் பொய் சொல்கிறார் என்று நீதிபதி எதை வைத்து முடிவு செய்வது?

ஒலி, ஒளிப் பதிவு இருந்தால் இந்த இழுபறி பெருமளவு தீரும். இதைவிடப் பெரிய லாபம், கேள்வியும் பதிவாகும். கார்கள் "மோதியபோது" என்று கேட்பதற்கும் "நொறுங்கியபோது" என்று கேட்பதற்கும் இடையே, பார்த்தவர்கள் சொல்லும் வேகமே மாறுகிறது என்று 1974இல் உளவியலாளர்கள் லாஃப்டஸும் பாமரும் சோதித்துக் காட்டினார்கள். எழுத்து வாக்குமூலத்தில் பதில் மட்டும்தான் மிஞ்சுகிறது. "சிவப்புச் சட்டைக்காரன்தானே வெட்டினான்?" என்று கேட்டு வாங்கிய 'ஆமாம்', சாட்சி தானாகச் சொன்னதுபோல ஏட்டில் ஏறிவிடும்.

ஆனால் கேமராவின் பொத்தான் போலீஸ் கையில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் மிரட்டிவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் பதிவு செய்தால், அந்த வீடியோ காகிதத்தைவிட ஆபத்தானது. கண்ணால் பார்த்ததை யார்தான் சந்தேகிப்பார்? 2020இல் சாத்தான்குளம் காவல் மரண வழக்கில், அந்தக் காவல் நிலைய சிசிடிவி காட்சிகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட்டின் விசாரணை வெளிக்கொண்டு வந்தது. கருவி இருந்தது, பதிவு இல்லை.

சாட்சியின் பயமும் நியாயமானது. தன் முகமும் குரலும் எதிர்த்தரப்பின் கைபேசிக்குப் போகும் என்று தெரிந்தால் ஊரில் யார் வாய் திறப்பார்? ஆகவே ஆபத்துள்ள சாட்சிக்குக் குரல் பதிவே போதும். நகலை வெளியே விடுகிறவருக்குத் தண்டனை வேண்டும். செலவு, சேமிப்பு இடம் என்ற சாக்குகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைபேசியே போதுமான காலம் இது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பதைக் கட்டாயமாக்கியது. சாட்சி விசாரணையை மட்டும் 180ஆம் பிரிவில் "பதிவு செய்யலாம்" என்று போலீசின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது அதே சட்டம். அந்த வழக்குகளிலாவது முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை இடைவெட்டின்றிப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். பாதியில் நின்ற பதிவுக்கு விசாரணை அதிகாரியே கூண்டில் விளக்கம் சொல்லட்டும்.