விரிசல் விட்ட யானை

பள்ளிக்கூடக் கலைக் கண்காட்சிக்குப் போனால் பரிசு பெற்ற மேசையைப் பார்த்துவிட்டு, ஓரமாக ஒதுக்கி வைத்த பொருள்களைத் தேடிப் போவது என் வழக்கம். கால் ஒடிந்த களிமண் யானை, சேற்று நிறமாகிப்போன அந்திவானம், பொத்தல் விழுந்த தெர்மாகோல் கோபுரம் எல்லாம் அங்கே இருக்கும். நன்றாக வந்த பொருள் தன் ரகசியத்தை மறைத்துக்கொள்கிறது. கெட்டுப்போன பொருள், மண்ணும் தண்ணீரும் மெழுகும் என்ன குணம் கொண்டவை என்பதைத் திறந்து காட்டிவிடுகிறது. கைவினையை ரசிக்கப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பது என் எண்ணம்.

களிமண்ணிலிருந்து தொடங்கலாம். நான் படித்த பள்ளியில் கைத்தொழில் வகுப்புக்குக் கண்மாய் மண் வரும். ஆளுக்கு ஓர் உருண்டை. பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டிய நாட்களில் வகுப்பு முழுக்க யானைகளாக இருக்கும். வெள்ளிக்கிழமை ஜன்னல் திட்டில் கம்பீரமாக நின்ற யானைகள், திங்கட்கிழமை வந்து பார்த்தால் மண்டியிட்டுக் கிடக்கும். அந்த விரிசல்களை உற்றுப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். அவை கண்ட இடத்தில் விழுவதில்லை. காலும் வயிறும் சேருமிடத்தில் விழும். தும்பிக்கை தலையோடு ஒட்டுமிடத்தில் விழும். வாலின் அடியில் விழும்.

ஈரம் போகப்போகக் களிமண் சுருங்கும். விரல் பருமன் கால் ஒரே நாளில் காய்ந்து சுருங்கிவிடுகிறது. தேங்காய் அளவு வயிறோ உள்ளே இன்னும் ஈரமாகவே இருக்கிறது. ஒன்று இழுக்க, மற்றொன்று நகராமல் நிற்க, இரண்டுக்கும் நடுவில் மண் அறுந்துபோகிறது. ஒட்டும் இரண்டு முகங்களையும் ஈர்க்குச்சியால் கீறி, கூழாகக் கரைத்த மண்ணைத் தடவி ஒட்டினால்தான் பிடிப்பு இருக்கும். பிள்ளைகள் தண்ணீரைத் தொட்டு வைத்து அழுத்திவிடுவார்கள். தப்பிப் பிழைத்த யானையை வீட்டுக்குக் கொண்டுபோய் விறகடுப்பில் சுட்டவர்களும் உண்டு. தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். கெட்டி மண்ணுக்குள் அதற்கு ஏது வழி? யானை அடுப்பிலேயே வெடித்துச் சிதறும்.

இத்தனையும் பார்த்துவிட்டு, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஐயனார் கோயில் ஒன்றின் முன்னால் போய் நில்லுங்கள். புரவி எடுப்புத் திருவிழாவில் ஊர் கூடித் தூக்கிவந்து நிறுத்திய மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். சில ஊர்களில் அவை ஆள் உயரத்தையும் தாண்டியவை. இவ்வளவு பெரிய மண் உருவம் எப்படி விரியாமல், வெடிக்காமல் நிற்கிறது? மண் வனையும் வேளார்களின் கைப்பழக்கத்தில் அதற்கு விடை இருக்கிறது. குதிரையின் கால்கள் குழாய்கள். வயிறு வெறும் கூடு. கழுத்தும் அப்படித்தான். எங்கே தட்டினாலும் சுவரின் கனம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி வனைந்திருப்பார்கள். அதனால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் காய்கிறது. மண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்திருப்பார்கள். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். உமி சூளையில் எரிந்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத துளைகளை விட்டுப்போகும். ஆவிக்கு அதுவே வாசல். கீழ்ப்பாகம் பாரம் தாங்குமளவு இறுகிய பிறகுதான் மேல்பாகத்தை ஏற்றுவார்கள். நிழலில் ஆறப்போட்டு, சூளையில் முதலில் புகைமூட்டம் போட்டு, மெல்ல மெல்லத்தான் நெருப்பைக் கூட்டுவார்கள். வெப்பம் 500 டிகிரி செல்சியஸைக் கடந்து ஏறும்போது மண்ணுக்குள் பிணைந்து கிடந்த நீரும் விலகுகிறது. அதன்பின் அது மழையில் கரையும் மண்ணாகத் திரும்புவதில்லை.

யானை உடைந்ததைப் பார்த்த கண்ணுக்குத்தான் இந்தக் குதிரையின் முழு அழகும் தெரியும். அந்த நிமிர்ந்த கழுத்தில், பிதுங்கிய கண்ணில், கழுத்து மணிகளில் இருக்கும் மிடுக்கு ஒரு பாதி. உள்ளே இருக்கும் வெற்றிடம் மறுபாதி.

அடுத்தது நீர்வண்ணம். பள்ளிப் பிள்ளைகள் வரையும் அந்திவானம் ஏன் கடைசியில் பழுப்பாகிவிடுகிறது? சிவப்பு காய்வதற்குள் மஞ்சள், அது காய்வதற்குள் நீலம். மூன்றும் ஈரத்தில் கலந்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும். வெளிச்சம் வேண்டி மேலே வெள்ளையைப் பூசினால் சேறு சாம்பலாகும். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தொடாமல் விட்ட காகிதம். அதை ஒருமுறை மூடிவிட்டால் மீட்பது கடினம்.

இந்த இடத்தில் எஸ். ராஜத்தை (1919–2010) நினைத்துக்கொள்வேன். சங்கீதமும் சித்திரமும் ஒருசேரக் கைவந்தவர் அவர். அவர் கையாண்ட ‘வாஷ்’ முறை அபனீந்திரநாத் தாகூர் வழியில் வங்காளத்தில் வளர்ந்தது. வண்ணம் பூசி, காயவிட்டு, படத்தையே தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். காகிதத்தில் ஊறிய நிறம் தங்கும். மிதப்பு நிறம் கழுவிக்கொண்டு போகும். மறுபடி பூச்சு, மறுபடி முழுக்கு. எல்லா ஓரங்களும் பனிபோல் மெல்லக் கரைந்து நிற்கும் அந்தப் படங்களில், பள்ளிப் பிள்ளையின் படத்தைக் கெடுத்த அதே தண்ணீர்தான் வேலை செய்திருக்கிறது. நடுவே காயவிட்ட பொறுமை மட்டுமே வித்தியாசம்.

தெர்மாகோல் கோபுரத்தின் கதை சின்னது. பொன்நிற ஸ்பிரே பெயின்ட் அடித்தவுடன் அது பொத்துப்போவதற்குக் காரணம், அந்தப் பெயின்டில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலையும் கரைப்பதுதான். தண்ணீரில் கலக்கும் போஸ்டர் வண்ணமாக இருந்தால் கோபுரம் நின்றிருக்கும்.

சில சமயம் பிசகு அழகாகவும் ஆகிவிடும். பாத்திக் துணியைப் பாருங்கள். துணியில் உருக்கிய மெழுகைப் பூசிச் சாயத்தில் முக்கும்போது, மெழுகு இறுகி உடைந்தால் பிளவுகளின் வழியே சாயம் இறங்கி, நரம்பு நரம்பாகக் கோடு விழும். ஜாவாவின் நுட்பமான பாத்திக்கில் அப்படிக் கோடு விழாமல் காப்பதே கைத்திறன். அதே கோடுகளை விரும்பி வரவழைத்த ஓவியர்களும் உண்டு. 1966இல் சென்னைக்கு அருகே கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் ஆரம்பக் காலத்தில், ஓவியர்களுக்குச் சோறு போட்ட கைவேலைகளில் பாத்திக்கும் ஒன்று. எந்தக் கோடு தானாக விழுந்தது, எது விழவைத்தது என்று பிரித்துப் பார்ப்பது பாத்திக் ரசனையின் தனிச் சுகம்.

மேதைகளும் பொருளின் குணத்துக்குத் தப்பியவர்கள் அல்லர். சுண்ணச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வேகமாக வரைந்து முடிக்கும் முறை லியொனார்டோ டா வின்சிக்கு ஒத்துவரவில்லை. நின்று யோசித்துத் திருத்தித் திருத்தி வரைய விரும்பிய அவர், மிலான் நகரில் ‘இறுதி விருந்து’ ஓவியத்தை உலர்ந்த சுவரில் வரைந்தார். அவர் காலத்திலேயே அது உதிரத் தொடங்கிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் சோழர் கால ஓவியர்கள் ஈரச் சுண்ணத்தின் மேல் வரைந்தார்கள். சுண்ணம் காற்றைக் குடித்துக் கல்லாக இறுகும்போது நிறத்தையும் தன்னோடு பூட்டிக்கொள்கிறது. நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த அந்த ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டெடுத்தார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கடந்தும் அந்த நிறங்களில் உயிர் இருக்கிறது.

இப்போது பள்ளிக் கைவேலைகள் கடையிலேயே ஆயத்தமாகக் கிடைக்கின்றன. மதிப்பெண் வரும்; கை எதையும் கற்றுக்கொள்ளாது. ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையே செய்யட்டும், கெட்டுப்போகட்டும். கெட்டுப்போனதைக் குப்பையில் போடாமல், ஏன் இப்படி ஆயிற்று என்று பிள்ளை கைப்பட எழுதிய ஒரு சீட்டோடு அதையும் கண்காட்சி மேசையில் வையுங்கள். பக்கத்து ஊரில் சூளை பிரிக்கும் நாள் தெரிந்தால், வகுப்பை அங்கே அழைத்துக்கொண்டு போங்கள்.