கேள்வியும் ஏடும்: பள்ளி இசைப் பாடநூல்களின் அமைப்பு

தமிழை முத்தமிழ் என்று பெருமையுடன் வழங்குகின்றோம். ஆயின் பள்ளிகளில் இயற்றமிழ் நாள்தோறும் கற்பிக்கப்பெற, இசைத்தமிழோ இசையாசிரியர் உள்ள இடங்களில் மட்டும், வாரத்திற்கு ஓரிரு பாடவேளை இடம் பெறுகின்றது. கிடைக்கும் அச்சிறு பொழுதில் மாணவர் கையில் இருக்கும் நூல் எத்தகையது என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சிப் பொருளாகும்.

உயர்நிலை வகுப்புகளுக்கென எழுதப்பெறும் இசைப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பின. முதற்கண் இசையின் பெருமை கூறப்பெறும். அடுத்து ஏழு சுரங்களின் பெயர்களும் பன்னிரு சுரத்தானங்களும் தாள வகைகளும் வரும். பின்னர்ச் சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம், கீதம் என்பன சுரக்குறிப்புடன் அமையும். இறுதியில் இசைப் புலவர் வரலாறு. இந்நூலைக் கற்றுத் தேர்ந்த மாணவன் மேளகர்த்தாக்கள் எழுபத்திரண்டு என்று பிழையின்றி எழுதுவான். எளிய சிந்து ஒன்றைச் சுருதி பிறழாது பாடுக எனின் தயங்குவான். இக்குறைக்கு மாணவனையோ ஆசிரியரையோ பழித்தல் தகாது. செவியால் பெற வேண்டிய ஒன்றைக் கண்ணால் தொடங்கி வைக்கும் நூலமைப்பே இதற்குக் காரணம் என்பது எம் கருத்து. அதனைப் பழஞ்சான்றுகள் கொண்டு ஆராய்வாம்.

அரங்கேற்று காதையின் இசையோன்

இசை கற்பிப்போன் இலக்கணத்தை விரிவாகக் கூறும் பழந்தமிழ்ப் பகுதி சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையாகும். மாதவி ஐந்தாம் ஆண்டில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் ஆண்டில் அரங்கேறுகின்றாள். அவள் பயின்ற பருவம் ஏறத்தாழ இன்றைய தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பருவமே. அவளுக்கு அமைந்த இசையாசிரியன் யாழ், குழல், தாளம், மிடறு, தண்ணுமை, ஆடல் ஆகியவற்றை ஒருங்கே இயைத்து அறிந்தவன். பாடல் இயற்றிய கவிஞனின் உள்ளக் குறிப்பை உணர்ந்தவன். சொற்களின் ஓசையைத் தேர்ந்தவன். இவ்விலக்கணத்துள் எழுத்தாலாகிய இசைக்குறிப்பு எதுவும் பேசப்பெறவில்லை. அவன் பெற்ற கல்வியை இளங்கோவடிகள் கேள்வி என்னும் சொல்லால் குறிக்கின்றார். பதினான்கு நரம்பு தொடுத்த யாழின் அமைதியைக் கூறுமிடத்தும் அக்காதையில் அதே சொல் வருகின்றது. கற்ற கல்விக்கும் கூட்டிய நரம்பிற்கும் ஒரு சொல்லே பொருந்தியமை எண்ணத்தக்கது.

ஒரு நூல் கூறாமை ஒன்றையே கொண்டு முடிபு கூறுதல் வலிய முறையன்று என்று அறிஞர் மறுக்கலாம். அம்மறுப்பு நேரியதே. ஆதலின், எழுத்தாகவே எஞ்சி நிற்கும் பிறிதொரு சான்றினைக் காண்போம்.

மாணவர்க்கெனப் பொறித்த கல்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டு தமிழகத்தின் பழமையான இசைப் பாடநூல் எனத்தகும். கிரந்த எழுத்தில் அமைந்த இதனை எழுத்தமைதி கொண்டு கி.பி. 7-ஆம் நூற்றாண்டினது என்பர். எபிகிராபியா இந்திகா 12-ஆம் தொகுதியில் பண்டார்கர் இதனைப் பதிப்பித்தார். ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்கள் கொண்ட தொகுதிகள் வரிசையாகப் பொறிக்கப்பெற்றுள்ளன. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய சைவ அரசன் ஒருவன், மாணவர் நலங்கருதி இவற்றை ஆக்கினான் என்று அதன் இறுதி கூறுகின்றது. அரசன் பெயர் அங்கு இல்லை. மகேந்திரவர்ம பல்லவன் என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். எவனாயினும், மாணவர் பொருட்டு ஓர் அரசன் கல்லிலேயே பாடம் எழுதுவித்தான் என்பது தெளிவு.

அப்பாடத்தை இன்று பாடுவார் யார்? ஒவ்வொரு சுரத்தின் பெயரும் அதில் அ, இ, உ, எ என்னும் உயிர்கள் ஏறி, ர, ரி, ரு, ரெ என்றாற்போல வேறுபட்டு வருகின்றது. சில எழுத்துகளின் மேல் புள்ளியும் உண்டு. அவ்வுயிர்களும் புள்ளிகளும் எதனைச் சுட்டின என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கல் சிதையவில்லை, எழுத்தும் படிக்கக் கூடியதே, எனினும் பொருள் விளங்கவில்லை. அக்குறிகளைப் பாடிக் காட்டிய ஆசிரியனின் குரல் இடையில் அற்றுப்போனமையே அதற்குக் காரணம்.

இதனோடு தேவாரத்தை ஒப்பிட்டு நோக்குக. ஏடுகள் தில்லையில் கிடைத்த பின்னும் அவற்றிற்குரிய பண்முறை தெரியாமற் போகவே, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருத்தியைக் கொண்டு பண் வகுத்தனர் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. ஏட்டிலிருந்து சொல்லையும் ஒரு பெண்ணின் செவிமரபிலிருந்து இசையையும் பெற்றனர் என்பது அவ்வரலாற்றின் கருத்து. குடுமியான்மலைக் கல்வெட்டின் பகுதிப் பெயர்களுள் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்பன உள. சாதாரி, பஞ்சமம், கௌசிகம் எனத் தேவாரப் பண்களுள்ளும் இவை வழங்குகின்றன. ஓதுவார் மரபில் இவை முறையே பந்துவராளி, ஆகிரி, பைரவி ஆகிய இராகங்களில் இன்றும் பாடப்பெறுகின்றன. இன்றைய ஓதுவார் இசை 7-ஆம் நூற்றாண்டு இசையே என்று யாம் சாதிக்கவில்லை. காலப்போக்கில் மாறியிருத்தல் கூடும. ஆயினும் மாறியேனும் அது வாழ்கின்றது. மாறாத கல்லோ பேசாதிருக்கின்றது.

சுரக்குறிப்பின் ஆற்றலும் எல்லையும்

இதுகொண்டு சுரக்குறிப்பே வேண்டாவென்று கொள்ளற்க. இன்றைய குறிப்பு முறை எளியது. குறிலாக எழுதிய சுரம் ஓரளவும், நெடிலாக எழுதியது ஈரளவும் பெறும். காற்புள்ளி ஓரளவு நீட்டத்தையும் அரைப்புள்ளி ஈரளவு நீட்டத்தையும் காட்டும். மேற்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் தாயி வேறுபாட்டைக் குறிக்கும். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரு மாத்திரை என்று தொல்காப்பியம் வகுத்த அளவையே இங்கும் பயில்கின்றது. தமிழ் வகுப்பில் மாத்திரையும் அளபெடையும் கற்ற மாணவனுக்கு இம்முறை புதியதன்று. இவ்வுறவினை இசைப் பாடநூல்கள் எடுத்துக்காட்டாமை பெருங்குறை.

அம்முறையின் எல்லையையும் மறத்தல் ஆகாது. ஆரபி, தேவகாந்தாரி என்னும் இரண்டிற்கும் ஏற்ற இறக்கங்கள் ஒன்றே. அச்சில் ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டும் செவியில் வேறு வேறாம். கமகமும் நடையும் பிடிப்பும் அவற்றைப் பிரிக்கின்றன. சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி கமகங்களுக்கும் தனிக்குறிகள் அமைத்தது. அரும்பெரு முயற்சியாயினும், முன்பே செவிப்பயிற்சி உடையார்க்கே அது முழுதும் பயன்படும். முதன்முதல் கற்கும் சிறுவனுக்கு அன்று.

மொழியும் முறையும்

பாடங்களின் மொழி பற்றிய குறையைத் தமிழறிஞர் முன்னரே கண்டனர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1907-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத் திரட்டில் கற்போர்க்குரிய கீதம் முதலியவற்றைத் தமிழில் அமைத்துத் தந்தார். சென்னையில் 1943-இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் தொகுதிகளாக வெளியிட்டது. இவற்றால் விளைந்த நன்மை அளவிடற்கரியது. எனினும், பள்ளி நூல்களைப் பொறுத்தமட்டில் மொழி மாறிற்றேயன்றி முறை மாறவில்லை என்றே கூற வேண்டும். புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் வரிசை முறை, ஆசிரியன் அருகிருந்து நாள்தோறும் ஒரு மாணவனைத் திருத்திய குருகுலத்திற்கு உரியது. நாற்பதின்மர் கூடிய வகுப்பில், வாரத்திற்கு ஒரு முறை, அதனை அப்படியே பெயர்த்து வைத்தல் பயன் தராது.

பாடக் கருவிகள் அமைய வேண்டிய முறை

இசைப் பாடக் கருவி என்பது நூல் ஒன்றே அன்று; ஒலிப்பதிவும் நூலும் இணைந்த தொகுதியாதல் வேண்டும். இக்காலத்தில் ஒலிப்பதிவு செய்தலும் அதனைப் பள்ளிகட்கு அளித்தலும் எளியன. அவ்வொலிப்பதிவு தம்புராச் சுருதியுடன், பக்க இசைக்கருவிகளின் மிகுதியின்றி, மாணவர் குரலுக்கேற்ற சுருதியில் அமைதல் இன்றியமையாதது. உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் ஆண்மக்களின் குரல் உடைந்து மாறுதல் இயல்பு. அக்காலத்தில் அவர்கள் இரு தாயிகளில் ஏறியிறங்கும் வரிசைகளைப் பாட இயலாது நாணி, இசையையே வெறுத்து விடுகின்றனர். ஐந்தாறு சுர எல்லைக்குள் அடங்கும் பாடல்கள் அவர்க்கு ஏற்றன.

கற்பிக்கும் வைப்புமுறை பாடல், தாளம், சுரம் என்று அமைதல் நன்று. மாணவன் வீட்டிலும் ஊரிலும் கேட்டறிந்த தாலாட்டு, கும்மி, சிந்து ஆகியவற்றை முதலில் பாடுக. அடுத்து அப்பாடலின் நடையைக் கைத்தாளத்தால் உணர்க. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து மும்மை நடையையும், திருப்புகழின் சந்தங்கள் குறில் நெடில் அடுக்கால் தாளம் பிறக்குமாற்றையும் காட்டும். நன்கு பாடிப் பழகிய பின்னரே அதன் சுரங்களைத் தேர்ந்து மாணவனே எழுதுக. நூலில் சாகித்தியத்தின் மேல் சுரவரியை வெற்றிடமாக விடுதல் இதற்கு உதவும். இவ்வாறு எழுதும் சுரம் அவன் கேள்வியின் பதிவாகும். மனனம் செய்த வெற்றெழுத்து ஆகாது.

இதனால் மாணவர் குறிப்பைப் படிக்கும் திறன் பெறாது என்றும் ஆசிரியரையே சார்ந்திருப்பர் என்று சிலர் அஞ்சுவர். பிறநாட்டு அனுபவம் ஒன்று இவ்வச்சத்தை நீக்கும். அங்கேரி நாட்டு இசைப்புலவர் கொடாய் (1882–1967) தம் நாட்டு நாடோடிப் பாடல்களைத் தொகுத்து, அவற்றையே பள்ளி இசைக்கல்விக்கு அடிப்படையாக்கினார். அவர்தம் முறையில் பாட்டு முதலாகவும் குறிப்பு அதன் பின்னாகவும் நின்றன. ஆயினும் குறிப்பைப் பார்த்த அளவில் பாடும் திறனே அம்முறையின் தலைசிறந்த பயனாயிற்று. செவியில் பதிந்த ஒன்றுக்கே கண் குறியீடு காணும் என்பதற்கு இது தக்க சான்று.

இப்பணி இசையாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. பாடல்களின் பாடம் தேர்தலும், யாப்பும் சந்தமும் விளக்கலும், அருஞ்சொற்குப் பொருள் காணலும் தமிழ்த் துறையின் கடமைகள். ஊர்ப்புறங்களில் தாலாட்டும் கும்மியும் வல்ல முதியோரும், பண்முறை பிறழாத ஓதுவார்களும் இன்றும் உளர். அவர்தம் குரலைப் பதிந்து பள்ளிக்குக் கொணர்தல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆய்வுமாகும், தொண்டுமாகும். சொற்களை மட்டும் தொகுத்து அச்சிட்டு அமைதியுறுவோமாயின், குடுமியான்மலைக் கல்லுக்கு நேர்ந்த நிலையே நம் நூல்களுக்கும் நேரும். ஏடு கேள்வியைக் காக்கும் துணையேயன்றிக் கேள்விக்கு மாற்றாகாது என்பதே எம் துணிபு.