நான்கு துப்பறிவாளர்கள், ஒரே ஆக்ஸ்ஃபோர்டு

1987 ஜனவரி 6 அன்று இரவு, பிரிட்டனின் ஐடிவி அலைவரிசை ஒரே ஒரு கொலைக்கதைக்கு விளம்பரங்களோடு சேர்த்து இரண்டு மணி நேரத்தை ஒதுக்கியது. அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். துப்பறியும் தொடர் என்றால் ஒரு மணி நேரம் என்பதுதான் பழக்கம். அதற்குள் பிணம் விழ வேண்டும், நாலைந்து பேர் மீது சந்தேகம் எழ வேண்டும், ஒருவர் கையில் விலங்கு ஏற வேண்டும். தயாரிப்பாளர் கென்னி மெக்பெய்ன் அந்த அவசரத்தை விரும்பவில்லை. ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ தொடரின் ஒவ்வொரு கதையும் ஒரு முழுப் படமாகவே எடுக்கப்பட்டது.

முதல் கதை ‘தி டெட் ஆஃப் ஜெரிக்கோ’. திரைக்கதை எழுதியவர் அந்தோணி மிங்கெல்லா. பின்னாளில் ‘தி இங்கிலீஷ் பேஷன்ட்’ படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கியவர். மோர்ஸ் பாடும் சேர்ந்திசைக் குழுவில் அவரோடு பாடும் ஒரு பெண் மீது அவருக்கு ஈர்ப்பு உண்டாகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் கால்வாய்க் கரையில் இருக்கும் ஜெரிக்கோ பகுதியில், தன் வீட்டிலேயே அவள் தூக்கில் தொங்கிக் கிடக்கிறாள். கிரேக்க நாடகங்களைக் கரைத்துக் குடித்த மோர்ஸ், சோஃபாக்ளிசின் ஈடிபஸ் கதையை வைத்து அந்தச் சாவுக்கு ஒரு பிரமாதமான விளக்கத்தைக் கட்டி எழுப்புகிறார். கேட்கக் கேட்க மெய்சிலிர்க்கும் விளக்கம். ஆனால் அது தவறு. நாயகனை அறிமுகப்படுத்தும் கதையிலேயே அவனது மிக அழகான யோசனையைச் சரியவிட்ட துப்பறியும் தொடர்கள் அதிகம் இல்லை.

அன்று தொடங்கியது 36 ஆண்டுகள் நீண்டது. ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ 1987 முதல் 2000 வரை 33 படங்கள். அதன் துணைப் பாத்திரத்தை முன்னே கொண்டுவந்த ‘லூயிஸ்’ 2006 முதல் 2015 வரை, முன்னோடிக்கு மரியாதை போலச் சரியாக 33 கதைகள். மோர்ஸின் இளமைக் காலத்துக்குத் திரும்பிய ‘எண்டெவர்’ 2012 முதல் 2023 வரை 36. மூன்றையும் தனித்தனித் தொடர்களாகவே பெரும்பாலும் பேசுகிறார்கள். எனக்கு அவை ஒரே நீண்ட படைப்பு. அதில் கொலையாளி யார் என்ற கேள்விக்கு இரண்டாம் இடம்தான். ஒரு மூத்தவர் தன் உதவியாளரிடம் எதை விட்டுச் செல்கிறார் என்பதே முதல் கேள்வி.

மூலவர் காலின் டெக்ஸ்டர். பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தவர்; காது கேட்பது குறைந்துபோனதால் 1966-இல் ஆசிரியர் வேலையை விட்டு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தேர்வுகள் நடத்தும் அலுவலகத்துக்கு வந்தார். வேல்ஸில் விடுமுறையின்போது மழை விடாமல் பெய்ய, கையில் கிடைத்த துப்பறியும் கதை அலுப்பூட்ட, இதைவிட நன்றாக நானே எழுதலாமே என்று உட்கார்ந்தார். 1975-இல் ‘லாஸ்ட் பஸ் டு வுட்ஸ்டாக்’ வெளிவந்தது. மொத்தம் 13 நாவல்கள். அவரது உண்மையான பித்து குறுக்கெழுத்துப் புதிர். மோர்ஸ் என்ற பெயர்கூட லாய்ட்ஸ் வங்கித் தலைவராக இருந்த சர் ஜெரமி மோர்ஸ் என்ற புதிர்ப் போட்டியாளரிடமிருந்து எடுத்ததுதான். டெக்ஸ்டரின் நாவல்களைப் படித்தால் இந்தப் பித்து நன்றாகவே புலப்படும். மனிதர்களை விடத் துப்புகளின் பின்னல்தான் அவற்றில் துல்லியமாக இருக்கும்.

தொலைக்காட்சிக்காரர்கள் அந்தப் பின்னலை எடுத்துக்கொண்டு மனிதர்களை மாற்றினார்கள். முக்கியமான மாற்றம் லூயிஸ். ஆரம்ப நாவல்களில் சார்ஜென்ட் லூயிஸ் வேல்ஸ்காரர், முன்னாள் குத்துச்சண்டை வீரர், வயதும் மோர்ஸுக்கு மேல். திரையில் கெவின் வேட்லி இளைஞராக வந்தார்: வடகிழக்கு இங்கிலாந்துப் பேச்சு, மனைவி, குழந்தைகள், நேரத்துக்கு வீடு போகும் ஆசை. வயதை இப்படிப் புரட்டியதும் உறவே வேறாகிவிட்டது. இரண்டு சக அலுவலர்கள் இருந்த இடத்தில், பிள்ளையில்லாத ஒரு மனிதரும் அவர் வாயால் மகன் என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஒருவனும் வந்து நின்றார்கள். டெக்ஸ்டர் பெருந்தன்மையானவர். பிந்தைய நாவல்களில் தன் லூயிஸைத் திரை லூயிஸின் பக்கம் நகர்த்தினார். மோர்ஸின் லான்சியா காரைக்கூடத் திரையில் வந்த சிவப்பு ஜாகுவாராக மாற்றிக்கொண்டார். எழுதியவரை எழுத்தின் திரைவடிவம் திருத்திய அபூர்வமான நிகழ்வு இது.

மோர்ஸாக நடித்த ஜான் தாவ் அதற்கு முன் ‘தி ஸ்வீனி’ தொடரில் முரட்டுப் போலீஸ்காரராகப் புகழ்பெற்றவர். இங்கே அவர் கையாண்டது எரிச்சலை. சம்பளம், மேலதிகாரி, இலக்கணப் பிழை, ரத்தம், ஆறிப்போன பியர் என எல்லாவற்றின் மீதும் மோர்ஸுக்கு எரிச்சல். ரத்தத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கொலைப்பிரிவு அதிகாரி அவர். வாக்னரின் இசைத்தட்டு சுழலும்போது மட்டும் அந்த முகம் தளர்வதைக் காட்ட, இரண்டு மணி நேரத் திரைநேரம் பேருதவியாக இருந்தது. வசனமே இல்லாத நிமிடங்களைப் பேரிங்டன் ஃபெலங் இசையால் நிரப்பினார். முகப்பு இசையின் தாளத்திலேயே மோர்ஸ் என்ற பெயரைத் தந்திக் குறியீட்டில் பதித்து வைத்தவர் அவர். சில கதைகளில் கொலையாளியின் பெயரையும், சிலவற்றில் வேண்டுமென்றே தவறான பெயரையும் இசைக்குள் ஒளித்து வைத்தார். குறுக்கெழுத்து மன்னருக்குப் பொருத்தமான இசையமைப்பாளர்.

தொடரின் உச்சங்கள் எல்லாம் மோர்ஸ் தவறு செய்யும் கதைகள் என்பது என் கணிப்பு. ‘டிரிவன் டு டிஸ்ட்ராக்ஷன்’ கதையில் கார் விற்பனையாளர் ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்காமல் போக, அவர்தான் குற்றவாளி என்று விதிகளை மீறித் துரத்துகிறார். லூயிஸ் முதல் முறையாக அவரோடு நேருக்கு நேர் மோதுகிறார், லூயிஸ்தான் சரி. 1991-இல் வந்த ‘பிராமிஸ்டு லேண்ட்’ ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது. பழைய வழக்கில் அநியாயம் நடந்திருக்குமோ என்ற நல்லெண்ணத்தோடுதான் மோர்ஸ் கிளம்புகிறார். அவர் வந்து இறங்கியதாலேயே உயிர்கள் போகின்றன. அறிவு இருந்தும், நல்ல மனம் இருந்தும் ஒருவர் பிறருக்குக் கேடாக முடியும் என்பதை இவ்வளவு வெளிச்சமாகச் சொன்ன துப்பறியும் கதை அந்தக் காலத் தொலைக்காட்சியில் வேறு நான் பார்த்ததில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே 1990-இன் ‘மேசோனிக் மிஸ்டரிஸ்’. எழுதியவர் ஜூலியன் மிட்செல். இயக்கியவர் அப்போது அதிகம் அறியப்படாத டேனி பாயில். மோட்சார்ட்டின் ‘மேஜிக் ஃபுளூட்’ ஒத்திகை நடக்கிறது. மோர்ஸும் சேர்ந்திசையில் ஒருவர். உடன் பாடும் தோழி திரைக்குப் பின்னே குத்தப்பட்டு விழுகிறாள். ஓடிப்போன மோர்ஸ் கத்தியைக் கையில் எடுத்துவிடுகிறார். மற்றவர்கள் வந்து பார்க்கும்போது பிணத்தின் பக்கத்தில், கத்தியும் ரத்தமுமாக நிற்பவர் அவர்தான். அதற்கு மேல் ஒவ்வொன்றாக அவரிடமிருந்து பறிக்கப்படுகிறது. காவல்துறைக் கணினியில் அவருடைய கடந்தகாலமே திருத்தப்படுகிறது, வீடு தீப்பிடிக்கிறது. சான்றுகளைக் கொண்டு உண்மையை எட்டுபவர் மீதே சான்றுகள் திரும்புகின்றன. அப்போது லூயிஸிடம் சான்று என்று எதுவும் கிடையாது, இருப்பது நம்பிக்கை மட்டும். மோர்ஸ் தன் உதவியாளருக்கு ஒருபோதும் கற்றுக்கொடுக்காத பாடம் அது. லூயிஸ் அதைத் தானாகவே வைத்திருக்கிறார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மோர்ஸ் மனதைப் பறிகொடுக்கும் பெண் ஒன்று கொலையாவாள், அல்லது கொலை செய்திருப்பாள். இந்தச் சூத்திரம் அலுக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. இன்னொன்று ஊர். கல்லூரிச் சுவர்களுக்கு வெளியே ஆக்ஸ்ஃபோர்டு ஒரு தொழில் நகரம். கவுலியில் கார்த் தொழிற்சாலை, அதை நம்பி வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள். கேமரா பேராசிரியர்களின் விருந்து மேசையை விட்டு அந்தப் பக்கம் போனது குறைவு. தேன் நிறக் கற்சுவர்கள் தந்த சுகத்தில் தொடர் கொஞ்சம் சொக்கிப் போனது உண்மை.

2000 நவம்பர் 15 அன்று வந்த கடைசிப் படம் ‘தி ரிமோர்ஸ்ஃபுல் டே’. தலைப்பு ஏ. ஈ. ஹவுஸ்மனின் கவிதை வரியிலிருந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து இறுதித் தேர்வில் தோற்றவர் ஹவுஸ்மன். நாவல்களின் மோர்ஸும் அதே கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்காமல் வெளியேறியவர். டெக்ஸ்டர் அந்தக் கவிஞரைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. எக்சிடர் கல்லூரி முற்றத்துப் புல்வெளியில், ஃபோரேயின் இரங்கல் இசை ஒலிக்கும்போது மோர்ஸ் மாரடைப்பில் சரிகிறார். லூயிஸ் அப்போது உடன் இல்லை. வழக்கின் முடிவைத் தேடி வேறிடத்தில் இருக்கிறார். பிணவறையில்தான் வந்து பார்க்கிறார். குனிந்து நெற்றியில் முத்தமிடுகிறார். பதின்மூன்று ஆண்டுகள் ‘சார்’ என்று மட்டுமே அழைத்தவர் காட்டக்கூடிய அன்பின் எல்லை அது. ஜான் தாவ் 2002 பிப்ரவரியில் புற்றுநோயால் காலமானார்.

அடுத்து வந்த ‘லூயிஸ்’ பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. மனைவியை விபத்தில் இழந்து வெளிநாட்டுப் பணியிலிருந்து திரும்பும் லூயிஸ் இப்போது இன்ஸ்பெக்டர். அவருக்குக் கீழே கேம்பிரிட்ஜில் படித்த, பாதிரியாராகப் பயிற்சி பெற்றுப் பாதியில் விட்ட ஹாதவே. படிப்பாளி கீழே, படிக்காதவர் மேலே என்ற இந்தத் தலைகீழ் அமைப்புதான் தொடரின் பலம். கொலைகள் பல நேரம் செயற்கை, ஊர் பல நேரம் சுற்றுலா அட்டைப்படம். ஆனால் ஹாதவே லத்தீன் மேற்கோள் ஒன்றை உதிர்க்கும்போது லூயிஸின் முகத்தில் ஓடும் பழைய ஞாபகத்தைக் கெவின் வேட்லி ஒரு சொல் பேசாமல் காட்டிவிடுவார்.

‘எண்டெவர்’ வேறு உயரம். மோர்ஸின் முதற்பெயரை 1990-களின் நடுப்பகுதி வரை டெக்ஸ்டர் யாருக்கும் சொல்லவில்லை. அது எண்டெவர்: குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த தாய்க்கு முயற்சி என்னும் நற்குணம், கேப்டன் குக்கின் ரசிகரான தந்தைக்கு அவருடைய கப்பல். அந்தப் பெயரோடு 1965-இல் தொடங்கி 1972 வரை நடக்கும் தொடர். அத்தனை கதைகளையும் ரஸ்ஸல் லூயிஸ் என்ற ஒரே எழுத்தாளர் எழுதினார். அந்த ஒருமை ஒவ்வொரு படத்திலும் தெரிகிறது.

முதல் படத்தில் ஷான் எவன்ஸ் நடிக்கும் இளம் மோர்ஸ் வேலையை விட்டுவிடத் தயாராக இருக்கிறான். குடிப்பழக்கம் இல்லை. பிணப் பரிசோதனையில் தலைசுற்றிப் போனவனை மதுக்கூடத்துக்கு அழைத்துப் போய், ஒரு கோப்பை பியரை முன்னால் நகர்த்தி வைக்கிறார் மேலதிகாரி ஃபிரெட் தர்ஸ்டே. ரோஜர் ஆலம் அதைத் தந்தையின் கனிவோடு செய்கிறார். கருணையால் கொடுத்த கோப்பை. இந்தப் பையன் முப்பத்தைந்து ஆண்டுகள் குடித்து எப்படி முடிவான் என்பது பார்க்கும் நமக்குத் தெரியும். தர்ஸ்டேக்குத் தெரியாது. காலத்தைப் பின்னோக்கிச் சொன்னதால் மட்டுமே கிடைத்த வலி இது.

தர்ஸ்டே போர்முனை கண்டவர், கல்லூரி காணாதவர். வேலையின் இருட்டை வீட்டு வாசலில் தொப்பியோடு மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது அவர் வழி. வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் மனைவி கட்டித் தரும் சாண்ட்விச் வேறு. அதை வைத்தே மோர்ஸ் கிழமை சொல்வான். மோர்ஸுக்கு மாட்டி வைக்க அப்படியொரு வாசல் இல்லை. வீட்டுக்குப் போய் உனக்குப் பிடித்த இசைத்தட்டை முழுச் சத்தத்தில் போட்டுக் கேள், இருளால் உன்னிடமிருந்து பறிக்க முடியாதது அது என்று தர்ஸ்டே சொல்லும் இடத்தில், 1987-இல் நாம் முதலில் சந்தித்த வாக்னர் பித்தர் எங்கிருந்து வந்தார் என்பது விளங்குகிறது. இனவெறி, பெண்களின் நிலை, காவல்துறைக்குள் ஊழல் என முதல் தொடர் ஒதுங்கிப் போன இடங்களுக்கெல்லாம் இது போனது. பிந்தைய பருவங்களில் சதிகள் அளவுக்கு மீறிச் சிக்கலானதும் உண்மை.

இப்போது நால்வரையும் வரிசையாக நிறுத்திப் பார்க்கலாம்: தர்ஸ்டே, மோர்ஸ், லூயிஸ், ஹாதவே. படிக்காதவர், படித்தவர், படிக்காதவர், படித்தவர். வர்க்கப் பிளவு ஊறிய ஒரு நாட்டில், ஒவ்வொரு தலைமுறையிலும் கற்பிப்பவரும் கற்பவரும் எதிரெதிர் வகுப்பிலிருந்து வருகிறார்கள். இதை யாரும் முன்கூட்டித் திட்டமிட்டிருக்க வாய்ப்பில்லை. மூன்று தொடர்களும் பிறந்தது வெவ்வேறு காலத்தில். இருந்தாலும் விளைந்தது இதுதான். 70 கதைகளில் பொய்ரோவாகவே வாழ்ந்த டேவிட் சூஷேயின் சாதனை பெரிது, ஆனால் அந்தத் துப்பறிவாளருக்கு வாரிசு கிடையாது. 1997-இல் தொடங்கி நாயகனையே மாற்றிக்கொண்டு ஓடும் ‘மிட்சமர் மர்டர்ஸ்’ தொடரில் பதவி கைமாறுகிறது, மனிதர்கள் ஒருவரை ஒருவர் உருவாக்குவதில்லை.

புதிதாகப் பார்க்க வருபவர்கள் கதைக்கால வரிசைப்படி ‘எண்டெவர்’ தொடரிலிருந்து தொடங்குவதுண்டு. நான் அதற்கு எதிர்வாதி. 1987-இலிருந்துதான் தொடங்க வேண்டும். அதில் மோர்ஸின் மேலதிகாரி ஸ்ட்ரேஞ்ச் பருத்த, சிடுசிடுத்த, கொஞ்சம் அசட்டையான மனிதர்; அவருடைய மனைவியை நாம் பொருட்படுத்துவதே இல்லை. ‘எண்டெவர்’ முடியும் 2023-இல்தான் தெரிகிறது: இளம் மோர்ஸ் மனதுக்குள்ளேயே நேசித்துச் சொல்லாமல் விட்ட தர்ஸ்டேயின் மகள் ஜோன், அந்த ஸ்ட்ரேஞ்சைத்தான் மணக்கிறாள். தர்ஸ்டேயின் ஒரு ரகசியத்தைக் காப்பதற்காகவே அவர் பெயரை மோர்ஸ் பின்னாளில் யாரிடமும், லூயிஸிடம்கூட, உச்சரிப்பதில்லை என்பதும் அப்போதுதான் தெரிகிறது. இவ்வளவையும் அறிந்துகொண்டு பழைய 33 படங்களுக்குத் திரும்பிப் போனால், ஸ்ட்ரேஞ்சின் அறையில் நின்று மோர்ஸ் திட்டு வாங்கும் சாதாரணக் காட்சிகள் முன்பு பார்த்தவையாகவே இருப்பதில்லை.