வெட்டியது போக மிச்சம்

நான் எழுதுவது மார்க்கர் போடும் மென்பொருள். பனியன் கம்பெனியில் துணியை லே போட்டு வெட்டுவதற்கு முன்னால் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் துணியின் அகலத்துக்குள் எப்படி அடுக்கினால் கழிவு குறையும் என்று கணக்குப் போட்டுத் தரும். ஒரு மார்க்கரில் 83 சதவீதம் துணி உடுப்பாகிறது என்றால் மீதி 17 கட்டிங் வேஸ்ட். அந்த 17-ஐ 16 ஆக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அம்மாவுக்குச் சம்பளம் வந்தது அந்த 17-இலிருந்து. வேஸ்ட் குடோனில் வெள்ளை தனி, கலர் தனி, லைக்ரா கலந்தது தனி என்று பிரித்துப்போடுகிற வேலை. மெஷின் துடைக்கப் போவது ஒரு குவியல், திரும்பவும் நூலாகப் போவது இன்னொன்று. எதற்கும் ஆகாத துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கால்மிதி தைப்பார். எங்கள் வீட்டில் ஒரே நிறத்தில் ஒரு கால்மிதிகூட இருந்ததில்லை.

செர்கேய் பராஜனோவின் கொலாஜ்களை முதன்முதலில் கணினித் திரையில் பார்த்தபோது எனக்கு அந்தக் கால்மிதிதான் நினைவுக்கு வந்தது. கலை விமர்சனத்தை இப்படித் தொடங்கக்கூடாது என்று தெரியும். ஆனால் அங்கிருந்து தொடங்கியதால்தான் ஒரு தப்பைச் செய்தேன், அந்தத் தப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

படைப்பைச் சொல்லிவிடுகிறேன். மோனாலிசாவை வைத்து பராஜனோவ் ஒரு வரிசையே செய்தார். அதற்கு அவர் வைத்த பெயர், ஜியோகொண்டாவின் வாழ்க்கையிலிருந்து சில அத்தியாயங்கள். மலிவான அச்சுப் பிரதிகளை எடுத்து, முகத்தை, கண்ணை, அந்தப் புகழ்பெற்ற கைகளைத் தனித்தனியாக வெட்டி, இடம் மாற்றி ஒட்டுகிறார். சிறையில் உடனிருந்த ஒரு கைதியின் முதுகில் மோனாலிசா பச்சை குத்தியிருந்தது என்றும், அவன் அசையும்போதெல்லாம் அவள் முகபாவம் மாறியது என்றும், இந்த வரிசைக்கு வித்து அதுதான் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, படங்களில் நடப்பது அதுதான். உலகத்திலேயே அதிகம் பார்க்கப்பட்ட முகத்துக்கு இங்கே உடம்பு கிடைக்கிறது. அவள் கூச்சப்படுகிறாள், எரிச்சலடைகிறாள், வேடம் கட்டுகிறாள்.

முதலில் கவனிக்கவேண்டியது, இவை சிரிக்கவைக்கும் படங்கள். துன்புறுத்தப்பட்ட கலைஞன் என்றதும் நாம் எதிர்பார்க்கும் கறுப்பும் முள்கம்பியும் இல்லை. சரிகை உண்டு, மணி உண்டு, இறகு உண்டு, உடைந்த பீங்கான் உண்டு. 1924-இல் திபிலிசியில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர், அப்பா பழம்பொருள் வியாபாரி. பொருள்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்குக் குப்பை என்று தனியாக ஒன்று இருக்காது போல.

இரண்டாவது, இந்தக் கொலாஜ்கள் சினிமாவுக்கு மாற்றாக வந்தவை அல்ல. ‘மாதுளையின் நிறம்’ (1969) பார்த்தவர்களுக்குத் தெரியும். கேமரா கிட்டத்தட்ட அசைவதே இல்லை. மனிதர்கள் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறார்கள். மாதுளை, கத்தி, கம்பளம், சேவல் எல்லாம் ஒரு தட்டையான தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்படுகின்றன. ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குக் கதை ஓடுவதில்லை, ஒட்டு விழுகிறது. அந்தப் படமே கொலாஜ்தான். கேமராவைப் பிடுங்கியபிறகு அவரிடம் மிஞ்சியது கத்திரியும் பசையும். அவர் செய்துகொண்டிருந்த அதே வேலையைத்தான் தொடர்ந்தார்.

கத்திரி அரசிடமும் இருந்தது. ‘கீவ் சுவரோவியங்கள்’ படத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்தினார்கள். இன்று அந்தப் பெயரில் நாம் பார்ப்பது திரைச்சோதனைக்காக எடுத்த துண்டுகளின் தொகுப்பு மட்டும். ‘மாதுளையின் நிற’த்தை செர்கேய் யுத்கேவிச் என்ற இன்னொரு இயக்குநர் மறுபடி வெட்டித் தொகுத்தார், அந்த வடிவம்தான் பரவலாகப் போனது. 1973 டிசம்பரில் பராஜனோவைக் கைது செய்தார்கள், அடுத்த ஆண்டு ஐந்து வருடத் தண்டனை. லூயி அரகோன் உள்ளிட்ட வெளிநாட்டு எழுத்தாளர்கள், கலைஞர்கள் குரல் கொடுத்து, 1977 கடைசியில் வெளியே வந்தார். 1982-இல் லஞ்ச வழக்கென்று மறுபடி சில மாதங்கள் சிறை. ‘மாதுளையின் நிற’த்துக்கு அடுத்த முழுநீளப் படமான ‘சுராம் கோட்டையின் கதை’ வருவதற்குள் ஏறக்குறைய 15 வருடங்கள் போய்விட்டன.

இந்த இடத்தில்தான் நான் வழக்கமான வாக்கியத்தை எழுதினேன். இந்தக் கட்டுரையின் முதல் வரைவில் அது இருந்தது: “சிறை அவரிடமிருந்து சினிமாவைப் பறித்தது, ஆனால் உலகுக்கு ஒரு ஓவியனைத் தந்தது.” எழுதிவிட்டு நானே ரசித்துக்கொண்டேன். அம்மாவின் கால்மிதியையும் அதே பத்தியில் சேர்த்திருந்தேன். கழிவிலிருந்து அழகு, இல்லாமையிலிருந்து கலை, இத்தியாதி.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போனில் அந்த மோனாலிசாவைக் காட்டினேன். பெரிதாக்கி, சின்னதாக்கிப் பார்த்தார்.

“இத என்னத்துல ஒட்டுனாங்க, மைதாப் பசையா?”

“தெரியலம்மா. ஜெயில்ல கெடச்சத வெச்செல்லாம் செய்வாராம். சாக்குத்துணி, பால்புட்டி மூடித் தகடு...”

கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “நல்லாத்தான் இருக்குது சாமி. அந்தாளுக்கு முழுத்துணி குடுத்திருந்தா என்ன தெச்சிருப்பாரு?”

வரைவை அழித்துவிட்டேன். மிச்சத்தில் பிறந்த அழகை நாம் பாராட்டும்போது, மிச்சத்தை மட்டும் கொடுத்தவனுக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிடுகிறோம். அம்மா கால்மிதி தைத்தது கலை ஆர்வத்தால் அல்ல, கால்மிதி வாங்கக் காசில்லாமல். ஆனாலும் ஊதா ஓரத்துக்குப் பக்கத்தில் மஞ்சளை வைத்தது அவரேதான், வறுமை வைக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்ல முடிகிற விமர்சனம்தான் பராஜனோவுக்கு நியாயம் செய்யும். அந்த மோனாலிசா அவருடைய சாதனை, சிறையினுடையது அல்ல. சிறையின் கணக்கில் எழுதவேண்டியது எடுக்கப்படாத படங்களை மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1974 தீர்ப்பில் முக்கியமான குற்றம் ஒருபால் உறவு. அவருடைய ரசிகர்கள், நானும் உள்பட, “அது ஜோடிக்கப்பட்ட வழக்கு” என்று அவசரமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அரசியல் பழிவாங்கல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘பொய் வழக்கு’ என்பதோடு நிறுத்தினால், மெய்யாக இருந்திருந்தால் தண்டனை சரிதான் என்று ஆகிவிடாதா? இரண்டு ஆண்கள் மனமொத்து நெருங்குவதைக் குற்றமாக்கிய அந்தச் சட்டமே முதல் அநீதி. உக்ரைன் அதை நீக்கியது 1991-இல், பராஜனோவ் இறந்து ஒரு வருடம் கழித்து. நாம் 377-இலிருந்து வெளியே வர 2018 செப்டம்பர் ஆனது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவருக்கு ஒரு ‘நல்ல’ முகத்தை வெட்டி ஒட்டுவதும் ஒருவகைத் தணிக்கைதான். ஒரு முகத்துக்கு எத்தனை முகங்கள் இருக்கமுடியும் என்று காட்டியவருக்கே இதைச் செய்கிறோம்.

1990 ஜூலையில் எரெவானில் இறந்தார். ‘வாக்குமூலம்’ என்ற தன்வரலாற்றுப் படத்தைத் தொடங்கி, முடிக்கமுடியாமல் விட்டிருந்தார். அடுத்த ஆண்டு அதே ஊரில் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள், கொலாஜ்கள் இப்போது அங்கேதான். ஒருநாள் போகவேண்டும். போனால் சுவரில் இருப்பதைப் பார்த்து நிச்சயம் சிரிப்பேன், அவர் அதற்காகத்தான் செய்தார்.

நாளைக்குக் காலையில் ஆபீஸ் போய் 17-ஐ 16 ஆக்குகிற வேலையைத் தொடரவேண்டும். அம்மாவிடம் இன்றைக்குக் கேட்டேன், முழுத்துணி கிடைத்திருந்தால் நீ என்ன தைத்திருப்பாய் என்று. “அதையெல்லாம் ஆரு கேட்டா?” என்றார். கொஞ்சம் கழித்து, சமையலறையிலிருந்து: “பாவாடை. உங்கக்காளுக்கு.”