கண்ணீருக்கு மூன்று ஆசிரியர்கள்

சினிமாக் கொட்டகையில் அழுதுவிட்டு வருகிறவனின் ரஸனையை நம்பக்கூடாது என்று எனக்கு வெகுநாளாக ஒரு பிடிவாதம் இருந்தது. காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்குழியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு காலை வேளையில் அந்தப் பிடிவாதம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

தறியில் இருந்த பெரியவர் எண்பதைத் தாண்டியவர். மகன்தான் இப்போது நெய்கிறான். இவர் பழக்கத்தை விட முடியாமல் காலையில் ஒரு மணி நேரம் நாடாவைத் தள்ளுகிறார். பேச்சு சினிமாவுக்குப் போயிற்று. உடனே 'பராசக்தி'யின் கோர்ட்டுக் காட்சியை ஆரம்பித்தார். ஏறவேண்டிய இடத்தில் குரல் ஏறிற்று. தாழவேண்டிய இடத்தில் தாழ்ந்தது. நாடா நிற்கவில்லை. முழுவதும் ஒப்பித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

ஏ.வி.எம். ஸ்டூடியோவின் படங்களுக்கு எழுதியவர்கள் பலர். அவர்களில் மூவரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: அண்ணாதுரை, கருணாநிதி, ஜாவர் சீதாராமன். படாதிபதி ஒருவர்தான், மெய்யப்பச் செட்டியார். பார்த்தவர்களும் ஒரே ஜனங்கள்தான். அவர்களை அழவைக்க வேண்டும் என்பதும் ஒரே நோக்கம். ஆகவே வித்தியாசம் இருந்தால் அது பெரும்பாலும் எழுத்தாளனுடைய வித்தியாசமாகத்தான் இருக்கவேண்டும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நாலு காரணங்கள் சொல்கிறார். இழிவு படுதல், இழத்தல், இருந்த நிலையிலிருந்து தாழ்தல், வறுமை. தமிழ் சினிமா இந்த நாலைத் தாண்டி இன்னும் ஐந்தாவதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன். யார் எதை எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

அண்ணாதுரை எடுத்தது இழிவு. 'ஓர் இரவு' கே. ஆர். ராமசாமியின் குழுவுக்காக எழுதப்பட்ட நாடகம். அதைப் பார்த்துவிட்டுத்தான் கல்கி இப்ஸனையும் ஷாவையும் நினைவுபடுத்திப் பாராட்டினார். 1951ல் ப. நீலகண்டன் அதைப் படமாக்கினார். பணக்கார வீட்டுக்குள் திருட வந்தவன், அந்த வீட்டுப் பெரிய மனிதர் கைவிட்ட ஒரு பெண்ணின் மகன் என்று தெரியவருகிறது. கள்ளன் யார் என்ற கேள்வி அப்படியே திரும்பி நிற்கிறது. பார்க்கிறவனுக்கு அழுகை வருவதற்கு முன்னால் கூச்சம் வருகிறது. மேடைப் பேச்சில் அடுக்குமொழிக்குப் பேர்போனவர்தான் அண்ணாதுரை. ஆனால் இங்கே வேலை செய்வது மொழி அல்ல, கதையின் கட்டுக்கோப்பு. ஒரே இரவு என்ற குறுகிய எல்லைக்குள் ஒரு வாழ்நாளின் குற்றத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதில்தான் அதன் பலம் இருக்கிறது. பெரியவரைக் கேட்டேன். "அண்ணா நம்ம ஊரு, தம்பி. நம்ம தறிக்காரர் குடும்பம்" என்றார் பெருமையாக. ஆனால் 'ஓர் இரவி'லிருந்து ஒரு வசனமும் அவருக்கு ஞாபகமில்லை. திருடன் அந்த வீட்டுப் பிள்ளை என்பது மட்டும் மறக்கவில்லை. இதை ஆசிரியருக்குக் குறையாக நான் நினைக்கவில்லை.

கருணாநிதி எடுத்தது வறுமையும் நிலை தாழ்தலும். 'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வந்தது. நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் ஏ.வி.எம்.முடன் சேர்ந்து எடுத்த படம்; மூலம் பாவலர் பாலசுந்தரத்தின் நாடகம். நாடகத்தின் பெயரும் கதையும் எப்படியிருந்தாலும், இன்று அது கருணாநிதியின் படைப்பு. ரங்கூனில் வசதியாக இருந்த சகோதரர்கள் யுத்தத்தில் சிதறுகிறார்கள்; தங்கை கல்யாணி பசிக்குப் பயந்து பெற்ற குழந்தையை ஆற்றில் எறிகிற நிலைக்கு வருகிறாள். இந்தத் துக்கத்தை அவர் அழவிடவில்லை, பேசவைத்தார். அழுகை, குற்றச்சாட்டாக மாறிற்று. கொட்டகையில் கண்ணைத் துடைத்த கையே கைதட்டியும் தீர்த்தது. வசனப் புத்தகங்கள் விற்றன.

அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. குணசேகரன் பேசுவதும் கல்யாணி பேசுவதும் ஒரே நாக்கு. குழந்தையை எறிந்தவள் அவள். ஜனங்கள் மனப்பாடம் செய்தது அண்ணனுடைய பேச்சை. நாவலாசிரியன் என்ற முறையில் இதை என்னால் மன்னிக்க முடிவதில்லை. பாத்திரம் தன் வாயால் பேச முடியாவிட்டால் அது பாத்திரமே அல்ல.

ஜாவர் சீதாராமன் எடுத்தது இழப்பு. அவர் வேறு தினுசு. பத்திரிகைத் தொடர்கதைக்காரர், 'உடல் பொருள் ஆனந்தி'க்கு வாரா வாரம் காத்திருந்தவர்கள் உண்டு. 1954ல் பாட்டே இல்லாத 'அந்த நாள்' படத்துக்கு எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். வாசகனுக்கு எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற கணக்கு அவருக்குக் கைவந்தது. அதே கணக்கைக் கண்ணீருக்கும் போட்டார். 1960ல் வந்த 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தை இறந்துவிட்டதாகத் தகப்பன் மகளிடம் சொல்லிவிடுகிறான். பிறகு அவள் பாடம் சொல்லிக்கொடுக்கும் பையன் அந்தக் குழந்தைதான். நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இவ்வளவுதான் வித்தை. 1965ன் 'குழந்தையும் தெய்வமும்' படத்திலும் அதேதான். ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னரின் இரட்டையர் கதை ஹாலிவுட் வழியாகக் கோடம்பாக்கம் வந்தது.

இந்த வித்தையை மலிவானது என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். ரகசியம் உடைந்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஜமீன் ஜமீனாகவே இருக்கிறது. குற்றவாளி என்று யாரும் மிஞ்சுவதில்லை. இதையே பெரியவரிடமும் சொன்னேன். அவர் நாடாவை நிறுத்தினார்.

"பராசக்தி பார்த்தப்போ நான் சின்னப் பையன். அப்புறம் வளர்ந்து முதலாளிகிட்டக் கூலி சேர்த்துக் கேட்கப் போனேன். அந்தக் குரல்லதான் கேட்டேன். எங்கப்பா கேட்டதே இல்லை."

"கொடுத்தாரா?"

"இல்லை. கேட்டேனே!"

கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே சொன்னார்: "களத்தூர் கண்ணம்மா வந்த வருஷம் எங்களுக்கு முதல் பிள்ளை தவறிப்போச்சு. அவ அழவே இல்லை. யாரோ படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. வந்து அன்னிக்கு ராத்திரிதான் அழுதா. எனக்குப் பயமாப் போச்சு. அப்புறம் சாப்பிட்டா."

என்னிடம் பதில் இல்லை.

என் அபிப்பிராயத்தை முழுக்க மாற்றிக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். கலை என்று பார்த்தால் மூவரில் 'ஓர் இரவு'தான் உயர்ந்தது என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் கருணாநிதியின் பாத்திரங்கள் ஒரே நாக்கால் பேசினார்கள் என்றால், அந்த நாக்கைப் பேச்சில்லாதவர்கள் கடன் வாங்கிக்கொண்டு போனார்கள். ஜாவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை என்றால், சொல்லிப் பயனில்லாத துக்கங்களும் உலகத்தில் உண்டு; அவருடைய ரகசியத்தின் மௌனத்துக்குள் ஒருத்தி தன்னுடையதை வைத்து அழ இடமிருந்தது. கூலிக்காரனுக்கு ஜாவர் போதாது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குக் கருணாநிதி உதவமாட்டார்.

பெரியவரின் மனைவி இப்போது இல்லை. 'பராசக்தி'யை ஒப்பித்தவரிடம் 'களத்தூர் கண்ணம்மா'வில் ஏதாவது வசனம் ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லை, தம்பி" என்று சொல்லிவிட்டு நாடாவை எடுத்தார்.